கொண்டி போடாத கதவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மாசம், திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே வேப்பங்கரட்டு விலக்கில் இருக்கிற பாய்மரத் தெருவுக்குள் கடல் ஏறியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். முழங்கால் அளவுத் தண்ணீர். தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த கல்படிகளில் நிதானமாக ஏறி, வீட்டுக்கு வீடு நுழைந்து, அடுப்பங்கரை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் சாயும்போது வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. அங்கிருந்து நிஜமான கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் ஏறி அரை நாள் உட்கார வேண்டும். அந்த வருஷம் அந்தப் பக்கம் மழைகூட இல்லை. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் தெருவில் ஒருத்தரும் அலறவில்லை. பெண்கள் சோத்துப்பானையைத் தூக்கிப் பரணில் வைத்தார்கள், கோழிகளைக் கூரைமேல் விரட்டினார்கள். ஞானப்பூ மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடி, கிழக்கே பார்த்து, "வந்துட்டீகளா?" என்று கேட்டாள். தண்ணீரோடு யாரும் வரவில்லை. ரெண்டு காரல் மீன் வந்தது. அதைக் குழம்பு வைத்தாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள அந்தத் தெருவின் பூர்வீகம் தெரிய வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கத்துக் கரிசல் காடுகளை விட்டுக் கால்நடையாகத் தூத்துக்குடிக்குப் போன சனம் அது. போன இடத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆனார்கள், மூட்டை தூக்கினார்கள், பிறகு தோணியில் ஏறிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகப் பழகினார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாகக் குடிசை போட்டு, பிறகு ஓட்டு வீடாக்கி, தெருவுக்குப் பாய்மரத் தெரு என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். மூணு தலைமுறை அங்கே நின்ற தெரு, சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி கட்ட இடம் வேண்டும் என்று பெரிய மனுஷர்கள் வந்து கேட்டபோது, எண்பத்து ரெண்டில் எழுந்துவிட்டது. தெரு என்றால் சனம் மட்டுமில்லை. ஓடு, உத்தரம், நிலை, கதவு, கோயில் மணி, கடலுக்குள் இறங்குகிற கல்படி என்று அத்தனையையும் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு, பாட்டன் பூட்டன் விட்டுப்போன வேப்பங்கரட்டுப் பொட்டலுக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். பழைய தெருவில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு இருந்ததோ அதே வரிசை, அதே இடைவெளி, எல்லா வாசலும் கிழக்கே பார்த்து. கொத்தனார் கோட்டைச்சாமி உள்ளூர் ஆள். "ஏய்யா, கெழக்க என்ன இருக்குன்னு இப்பிடித் தெறந்து போடுறீக? முள்ளுக்காடும் மொக்கையன் மொளகாத் தோட்டமுந்தானய்யா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் கேட்கவில்லை. கடல்படியை எங்கே வைப்பது என்றபோதும் தெருக் கோடியில் பள்ளம் தோண்டி, மொக்கையன் தோட்டத்து வரப்பைப் பார்த்து இறக்கி வைத்தார்கள். படி இருக்கிற இடத்துக்குத் தண்ணீர் வருமா வராதா? பழகின வீடு, பழகின படி. ரெண்டு வருஷம் தேடி அலைந்து கடல் வந்து சேர்ந்ததில் அதன்மேல் என்ன குற்றம் இருக்கிறது?

அந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டு ஆண்பிள்ளை தோணியில் போயிருக்கிற வரைக்கும் வாசக்கதவுக்குக் கொண்டி போடக் கூடாது. மழை அடித்தாலும் திருடன் வந்தாலும் கதவு திறந்தே கிடக்கும். போனவர் திரும்பி வந்து, உள்ளே நுழைந்து, தன் கையால் கொண்டியைப் போட வேண்டும். அதுதான் வந்து சேர்ந்ததற்கு அடையாளம். வரமாட்டார் என்று ஆகிப்போனால் பெண்சாதி தன் கையால் சாத்தவேண்டும். அவள் சாத்திய நிமிஷம் அவர் செத்தவர். அவள் வெள்ளை கட்டிக்கொள்வாள். வேறு யார் கை பட்டாலும் செல்லாது. ஞானப்பூவின் புருஷன் ஏசுவடியான் எழுபத்தேழில் வெங்காயம் ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போனவர். போகும்போது அவருக்கு வயசு இருபத்து நாலு, அவளுக்கு இருபது, வயிற்றில் ஆறு மாசம். தோணியும் வரவில்லை, தோணியின் பலகை ஒன்றும் வரவில்லை. ஹெப்சிபா பிறந்தாள், தவழ்ந்தாள், லாரியில் ஏறி வேப்பங்கரட்டுக்கும் வந்துவிட்டாள். கதவு மட்டும் திறந்தபடியே வந்தது. லாரியில் கொண்டு வரும்போதுகூட நிலையோடு சேர்த்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் தலகாணி கொடுத்துத்தான் கொண்டு வந்தாள்.

முதல் ஒன்றிரண்டு வருஷம் கடலால் யாருக்கும் தொந்தரவில்லை. காலையில் ஒரு ஏத்தம், மத்தியானத்துக்கு மேல் ஒரு ஏத்தம், ஏறும், வத்தும். அருப்புக்கோட்டையிலிருந்து சனம் பஸ் ஏறிப் பார்க்க வந்தது. கண்டக்டர்கள் விலக்கு வந்ததும் "கடல் எல்லாம் எறங்கு" என்று விசில் ஊதினார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, உப்புத்தான் என்று ஒத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்து மொக்கையனின் பெண்சாதி ராக்கம்மாள்தான் ஞானப்பூவுக்குச் சிநேகிதம். இவள் கருவாடு கொடுப்பாள், அவள் கம்பும் மிளகாய் வத்தலும் கொடுப்பாள். "ஏத்தா ஞானப்பூ, ஒங்க கடலுக்கு வேற ஊரே கெடைக்கலையா? எம்புட்டு ஊரு இருக்கு, எங்க வரப்புல வந்து நிக்குது" என்று சிரிப்பாள் ராக்கம்மாள். "நான் வரச் சொல்லலக்கா, அதுவா வந்துச்சு. நீ வேணா போகச் சொல்லிப் பாரு" என்பாள் இவள். ஹெப்சிபா ராக்கம்மாளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் வீட்டில்தான் அவள் பாதி வளர்ந்தாள்.

எண்பத்தாறில் கடல் ஆளைக் கொண்டு வர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் மாசிலாமணி. வெள்ளைக்காரன் போவதற்கு முன்னால் காணாமல் போனவர். ஒரு மத்தியான ஏத்தத்தில் படியேறி, வேட்டியைப் பிழிந்துகொண்டே தன் வீட்டுக்குள் போனார். போனபோது இருந்த இருபத்தாறு வயசு குறையவுமில்லை, கூடவுமில்லை. உள்ளே கயித்துக் கட்டிலில் கிடந்த அறுபது வயசுக்காரரைப் பார்த்து, "பெரியவரே, நீங்க யாரு?" என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, "அப்பா, நான்தாம்பா" என்றார். மாசிலாமணி கதவுக்குக் கொண்டியைப் போட்டார், பசிக்கிறது என்றார். பெண்சாதி செத்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. கதவைச் சாத்தாமலே செத்திருந்தாள், புண்ணியவதி. அடுத்த எலெக்‌ஷனுக்கு ஆள் கணக்கு எழுத வந்த வாத்தியார், அப்பனுக்கு இருபத்தாறு, மகனுக்கு அறுபது என்று எழுதி, மை காயுமுன் அடித்து, பிறகு மறுபடியும் அதையே எழுதினார். வேறு என்ன எழுத முடியும்?

பிறகு வருஷத்துக்கு ஒருத்தர், ரெண்டு பேர் என்று வந்தார்கள். வந்தவர் கொண்டி போட்ட வீட்டுக்குள் அதற்கப்புறம் தண்ணீர் போவதில்லை; வாசலில் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். சில பெண்கள் காத்திருந்து அலுத்துத் தாங்களே சாத்திக்கொண்டார்கள். அதையும் யாரும் தப்பாகப் பேசவில்லை. இப்படி வீடு வீடாகக் கதவு சாத்தச் சாத்த, ஞானப்பூ மிச்சக் கதவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். வருகிறார்கள் என்பது கண்ணால் பார்த்த நிஜம். அப்படியானால் அவரும் வருவார். மத்தியான ஏத்தத்துக்கு முன்னால் தலை சீவி, முகத்துக்குப் பவுடர் பூசி, வாசலில் நிற்பாள். தெருப் பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன? ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் ஒரு தலை தெரியும்போது அவள் உயிர் கண்ணுக்கு வந்து, அது வேறு யாரோ என்று தெரிந்ததும் திரும்பவும் உள்ளே போகும். தொண்ணூற்று ஒண்ணு முடியும்போது தெருவில் கொண்டி போடாத கதவு ஒன்றுதான் பாக்கி. அது அவளுடையது.

வினையும் அங்கேதான் பிடித்தது. கடல் தன் அளவைக் குறைத்துக்கொள்ளவில்லை. முன்னே எல்லா வீட்டுக்குள்ளும் பரவி நின்ற தண்ணீர், இப்போது ஒரே வீட்டுக்குள் எத்தனை போகும்? மிச்சம் திரும்பி, படியோரமாகச் சரிந்து, மொக்கையன் தோட்டத்துக்குள் இறங்கியது. அந்த வருஷம் மிளகாய்ச் செடி காய் பிடிக்கிற சமயத்தில் நுனி கருகியது. அடுத்த வருஷம் விதைத்த கம்பு முளைக்கவே இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மாடு மூக்கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. கரிசல் மண் மேலே வெள்ளை பூத்துக் கிடந்ததைப் பார்த்து மொக்கையன் வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்தவர், ரெண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. அவர் பாட்டன் பஞ்சத்தில்கூட விட்டுப்போகாமல் புளியங்கொட்டையை அவித்துத் தின்று காப்பாற்றிய நிலம் அது.

ராக்கம்மாள் ஒருநாள் காலையில் ஞானப்பூ வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. "தாயி, ஒன்ட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. ஒரே ஒரு கதவு. நீ சாத்திட்டா அது போயிரும்ங்கிறாக. எம் மண்ணு செத்துக்கிட்டிருக்குத்தா."

ஞானப்பூ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் கதவச் சாத்தச் சொல்லலக்கா நீ. எங் கையால அவுகளக் கொல்லச் சொல்ற."

"பதினஞ்சு வருசம் ஆச்சேத்தா. இன்னும் எம்புட்டு?"

"மாசிலாமணித் தாத்தா அம்பத்தஞ்சு வருசஞ் செண்டு வந்தாகல்ல?"

ராக்கம்மாள் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். கருவாடும் கம்பும் அன்றோடு நின்றது. ஊரிலிருந்து பெரிய மனுஷர்கள் வந்து பேசினார்கள். ஏசுவடியானின் தம்பி ஜெபக்குமார் வந்து கெஞ்சினார். "மதினி, நம்ம சனம் இந்த ஊர்ல பொழைக்கணுமா வேண்டாமா? அண்ணன் வாரதா இருந்தா இம்புட்டு நாள் வந்துருக்க மாட்டாரா?" என்றார். ஞானப்பூ கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள். அவளுக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வெள்ளை பூத்த மண்ணைப் பார்க்கப் பொறுக்காமல், மண்வெட்டியால் வாசலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை முள்ளுக்காட்டுப் பக்கம் திருப்பப் பார்த்தாள். கடல் வாய்க்காலுக்குக் கட்டுப்படுமா? தன் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்காமல்தான் அந்தக் காலத்தை அவள் தள்ளினாள்.

மொக்கையன் கடைசியில் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். பாய்மரத் தெரு இருந்த இடத்தில் எழும்பிய அதே கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். இதைத்தான் இந்த மண்ணின் தலையெழுத்து என்பது: அவர்கள் இங்கே வந்து இவரை அங்கே அனுப்பிவிட்டார்கள். மூட்டையில் வயிறு நிறையவில்லை என்று, தண்ணீரில் முட்டிக்கு மேல் இறங்கியறியாத மனுஷன், தொண்ணூற்று மூணில் மாலத்தீவுக்குச் செங்கல் ஏற்றிப் போகிற தோணியில் சமையலாளாக ஏறிவிட்டார். ராக்கம்மாளுக்கு அது தெரியவே ரொம்ப நாள் ஆனது. அடுத்த வருஷம் ஆடி மாசக் காற்றில் அந்தத் தோணியும் போனது.

தந்தி ஜெபக்குமார் பெயருக்கு வந்தது. கடல் சங்கதி எல்லாம் அந்தத் தெருவுக்குத்தான் வரும் என்று துறைமுகத்தில் யாரோ நினைத்திருக்கிறார்கள். ஞானப்பூ காதில் அது முதலில் விழுந்தது. அவள் அழவில்லை. என் கதவு ஒரு குடியானவனை முழுங்கிவிட்டதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மத்தியான ஏத்தம் வாசலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நடந்து போய், கதவின் ரெண்டு பக்கத்தையும் இழுத்தாள். பதினேழு வருஷமாக அசையாத கீல் கத்தியது. "ஏசப்பா, என்னை மன்னியும்" என்று சொல்லிக் கொண்டியில் கை வைத்தாள். அப்போது தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, தலைவிரி கோலமாக, ராக்கம்மாள் ஓடி வந்தாள்.

"சாத்தாதத்தா! அடி பாவி மக்கா, சாத்தாத! எம் மனுசன் எந்த வழியா வருவாரு?"

ரெண்டு பேரும் வாசப்படியில், இடுப்பளவு நனைந்து, ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுத சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ராக்கம்மாள் தன் வீட்டுக் கதவையும் கொண்டி எடுத்துத் திறந்து போட்டுப் பார்த்தாள். அது வடக்கே பார்த்த கதவு, உள்ளூர் வேம்பில் செய்தது. கடல் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆடுகள்தான் நுழைந்து கம்பைத் தின்றன. அதனால் அவளும் ஞானப்பூ வாசலுக்கே வந்துவிட்டாள். ஒருத்தி அந்தப் பக்க நிலையில், ஒருத்தி இந்தப் பக்க நிலையில். பக்கத்தில் தோட்டம் உப்பில் வெந்துகொண்டிருந்தது. ராக்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெடக்கட்டும் மண்ணு" என்றாள்.

அந்த வருஷம் மார்கழியில், கிறிஸ்துமஸ் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ராக்கம்மாள் பானகம் கரைக்க உள்ளே போயிருந்தாள். ஞானப்பூ பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மொக்கையன் ஏத்தத்தோடு ஏறி வந்தார். திறந்து கிடந்தது ஒரே கதவு, அதற்குள் நுழைந்தார். நுழைந்தவர், பிறந்ததிலிருந்து செய்கிற வேலையைச் செய்தார். கரிசக்காட்டில் வீட்டுக்குள் நுழைகிறவன் முதல் வேலையாகக் கதவைச் சாத்துவான். சாத்தாவிட்டால் ஆடு பின்னாலேயே வந்து தானியத்தில் வாய் வைத்துவிடும். அந்த நினைப்பில், அந்தப் பழக்கத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்கையால் கதவைத் தள்ளிக் கொண்டியைப் போட்டார்.

கொண்டி விழுந்த சத்தத்துக்கு ரெண்டு பெண்களும் ஓடி வந்தார்கள். ராக்கம்மாள் அப்படியே புருஷன் காலில் விழுந்தாள். ஞானப்பூ கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, கொண்டிய யாரு போட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாந்தான் தாயி" என்றார் மொக்கையன். பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. "முங்கிப் போன எடத்துல ஒரு எளந்தாரிப் பையன் கையப் புடிச்சுக் கூட்டியாந்தான். பாத அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. படிக்கிட்ட வரவும், 'அண்ணாச்சி, நீங்க கரைக்காரரு, மொதல்ல ஏறுங்க, நான் பின்னாடி வாரேன்'னு சொன்னான்." சொல்லிக்கொண்டே வந்தவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அய்யய்யோ" என்று பாய்ந்து கொண்டியை எடுத்தார். வெளியே தண்ணீர் இல்லை. தெரு காய்ந்து கிடந்தது. கல்படிக்குக் கீழே புழுதி பறந்தது.

கடல் அதற்குப் பிறகு வரவில்லை. வந்தவன் கையால் கொண்டி விழுந்தாயிற்று. அதன் கணக்கில் வீடு முடிந்தது. யார் வந்தது என்று கடல் முகம் பார்த்தா பழகுகிறது? ஞானப்பூ அன்றைக்கு மொக்கையனுக்குக் கஞ்சி ஊற்றினாள், துண்டு கொடுத்தாள், புருஷனும் பெண்சாதியும் வரப்பில் நடந்து போவதைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்தினாள். கரைக்காரனை முதலில் ஏற்றிவிட்டுத் தோணிக்காரன் கடைசியில் ஏறுவது அந்தத் தெருவின் மரியாதை. அந்த மரியாதையில் போனது அவள் வாழ்க்கை. தெரு கூடிப் பேசியது. அவள் கையால் சாத்தவில்லை, ஆகையால் அவர் சாகவில்லை. அவர் கையால் போடவில்லை, ஆகையால் வரவும் இல்லை. இதற்குச் சட்டம் இல்லை என்று எழுந்து போய்விட்டார்கள். ஞானப்பூ வெள்ளையும் கட்டவில்லை, தலையும் சீவவில்லை. ரெண்டு வருஷ மழையில் உப்புக் கழுவிப் போய், மொக்கையன் தோட்டத்தில் மிளகாய் முன்னைவிடக் காய்த்தது. ராக்கம்மாள் முதல் பழத்தை ஓலைக் கொட்டானில் கொண்டு வந்து வாசலில் வைத்தாள். அது அங்கேயே காய்ந்து வத்தலானது. ஞானப்பூ எடுக்கவில்லை. அவளுக்குக் கோபம், அதை மறைக்கவும் இல்லை.

தொண்ணூற்றேழு பங்குனியில் ராக்கம்மாள், கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். மொக்கையன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நான் சொல்றதக் கேளுத்தா. பெறகு வைய்யி, அடி, என்னமும் செய்யி. கம்மா வத்திப்போனா நாங்க ஆட்டுக் கெடைய ஓட்டிக்கிட்டுத் தண்ணி இருக்கிற சீமைக்குப் போறோமா இல்லையா? கம்மாக்கரையில உக்காந்துக்கிட்டு மழைய வையிறமா? கடலு வரலையா, கதவ அங்கிட்டுக் கொண்டு போவோம்."

ஞானப்பூ அவளை நிமிர்ந்து பார்த்தாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு, "கதவ எப்பிடிக்கா ஒத்தையில நிப்பாட்டுறது? சொவரு வேணுமே?" என்பதுதான்.

"இந்தா நிக்குதுல்ல சொவரு" என்று ராக்கம்மாள் புருஷனைக் காட்டினாள்.

நிலையோடு கதவைப் பெயர்த்து, திறந்தபடி கயிறு போட்டுக் கட்டி, மொக்கையன் தலைச்சுமையாக விலக்குக்குக் கொண்டு வந்தார். பஸ் மேலே ஏற்றிப் போனார்கள். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளம் முடிகிற ஒரு கடற்கரையில், அலை வந்து தொடுகிற இடத்தில் கதவைக் கிழக்கே பார்த்து நிறுத்தினார்கள். மணலில் நிலை நிற்கவில்லை. மொக்கையன் முதுகைக் கொடுத்து நின்றார். ராக்கம்மாள் தோட்ட வேலை போக ஒழிந்த நேரமெல்லாம் சோறு கட்டிக்கொண்டு வந்து போனாள். அவர் உட்கார்ந்து தின்றபோது அவள் பிடித்தாள். அந்தப் பக்கத்து வலைக்காரர்கள் முதலில் விசாரித்தார்கள், பிறகு தங்களுடைய மாரிக்கனி, பால்பாண்டி என்று கடலோடு போனவர்களின் பெயர்களையும் அந்தக் கதவுப் பக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஞானப்பூவுக்கு நாற்பதுதான் வயசு. உப்புக் காற்றிலும் கவலையிலும் முடி முக்கால்வாசி வெளுத்து, கண்ணில் பூ விழுந்து, பார்க்கிறவர்களுக்கு அறுபது சொல்லலாம் போல ஆகியிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் ஓலைத் தட்டியின் நிழலில் உட்கார்ந்திருப்பாள்.

ஆனி மாசம் ஒரு காலை ஏத்தத்தில் ஏசுவடியான் வந்தார். ஹெப்சிபா படிக்கிற இடத்திலிருந்து லீவுக்கு வந்து அம்மாவுக்குப் பதிலாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயசு. அவர் அலையிலிருந்து எழுந்து, தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு, போன அன்றைக்கு இருந்த அதே சிரிப்போடு நேராக நடந்து வந்து, ஹெப்சிபாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஞானப்பூ, ரொம்பத் தேடிட்டியா?" என்றார்.

ஹெப்சிபா அம்மா பக்கம் திரும்பினாள். மொக்கையன் கதவுக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஓலைத் தட்டியின் நிழலிலிருந்து ஞானப்பூ எழுந்தாள். எழ நேரமானது, முழங்கால் பிடித்துக்கொண்டது. அவளுக்கு அத்தனை காலம் சேர்த்து வைத்த சந்தோஷமும், அதே அளவு வெட்கமும் ஒன்றாக வந்தன. சேலைத் தலைப்பை இழுத்து நரைத்த தலையை மூடிக்கொண்டாள்.

"அது ஒங்க மக" என்றாள். "நான் இங்கன இருக்கேன்."

ஏசுவடியான் மகளைப் பார்த்தார். பிறகு ஞானப்பூவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மொதல்ல உள்ள வந்து கொண்டியப் போடுங்க" என்றாள் ஞானப்பூ. "மத்தத வீட்டுல போயிப் பேசிக்கிருவோம்."

அவர் உள்ளே வந்து கொண்டியைப் போட்டார். மொக்கையன் முதுகை எடுத்தார். கதவு சாயவில்லை, அங்கேயே நின்றது. அதை விட்டுவிட்டு எல்லோரும் மணலில் நடந்து ரோட்டுக்கு வந்து அருப்புக்கோட்டை பஸ்ஸைப் பிடித்தார்கள். கூட்டத்தில் மொக்கையனும் ஹெப்சிபாவும் முன்னால் போய்விட்டார்கள். ஞானப்பூவும் ஏசுவடியானும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். ஈர வேட்டியோடு இருந்தவரைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர், "பெரியம்மா, மகனுக்கும் சேத்தா டிக்கெட்டு?" என்று கேட்டார்.

"ஆமா, சேத்தே குடுங்க" என்றாள் ஞானப்பூ. ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். பஸ் எட்டயபுரம் தாண்டுவதற்குள் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.